மகாகனம் எழுதிய மடல்கள்

தமிழில் கடிதத்திற்கு வழங்கிய பெயர்கள் பல. ஓலை, முடங்கல், திருமுகம், மடல், சீட்டு என அவை நீளும். சிலம்பின் மாதவி கோவலனுக்கு இருமுறை முடங்கல் விடுத்தாள். பாணபத்திரருக்குப் பொருள் வழங்குமாறு சேரமான் பெருமாளுக்கு ஆலவாய் இறைவன் விடுத்ததாகச் சொல்லப்படும் திருமுகப் பாசுரம் பதினொன்றாம் திருமுறையின் தலைவாயிலில் நிற்கிறது. வறுமையுற்ற புலவர்கள் வள்ளல்களுக்கு விடுத்த சீட்டுக்கவிகளின் மரபு, 1919ஆம் ஆண்டில் பாரதியார் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு எழுதியதுவரை தொடர்ந்து வந்தது. ஆயினும் உரைநடையில் எழுதப்பட்ட கடிதங்களைப் பேணித் தொகுக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைக் கட்டிக் காத்தார், இரசிகமணி டி. கே. சி.யின் கடிதங்களை அன்பர்கள் அச்சேற்றினர். இவை விதிவிலக்குகளே.

மேலை நாட்டார் நிலை வேறு. இங்கிலாந்தின் பிரதமராகவும் புதின ஆசிரியராகவும் விளங்கிய டிஸ்ரேலி 1881இல் மறைந்தார். பின்னாளில் அவர் கடிதங்களைக் கனடா நாட்டு அறிஞர்கள் திரட்டத் தலைப்பட்டனர். 1982 முதல் 2014 வரை பத்துத் தொகுதிகள் டொராண்டோவில் வெளிவந்தன. அவையும் 1868ஆம் ஆண்டு வரையிலான கடிதங்களையே உள்ளடக்கின. அரசியலாளன் ஒருவன் மன்றத்தில் பேசியதோடு, விளக்கை அணைக்கும் முன் தமக்கைக்கும் தோழனுக்கும் எழுதியதையும் வரலாறாகக் கொள்ளும் மனப்பான்மை அது.

தமிழ் மண்ணில் பிறந்த அரசியலாளர்களுள் அத்தகைய தொகுப்புக்கு உரியவராக வாழ்ந்தவர் ஒருவர் உண்டு. அவர் மகாகனம் வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரியார். 'ரைட் ஆனரபிள்' என்னும் பட்டத்தை அக்காலத் தமிழ் இதழ்கள் மகாகனம் என்று பெயர்த்தன. அச்சொல் அவர் பெயரோடு பிரியாது ஒட்டிக்கொண்டது. அவர் கடிதங்களை டி. என். ஜகதீசன் தொகுத்து 1944இல் வெளியிட்டார். எழுதியவர் உயிரோடிருக்கும்போதே வெளிவந்த தொகுப்பு அது. விரிந்த இரண்டாம் பதிப்பு 1963இல் வந்தது. தொகுத்தவர் வாழ்வும் எளிதாகக் கடந்து செல்லத்தக்கதன்று. ஜகதீசன் சிறு வயதிலேயே தொழுநோயின் கொடுமைக்கு ஆளானவர், ஆங்கிலம் கற்பித்தவர், பின்னாளில் தொழுநோயாளர் பணிக்கே தம்மை ஒப்புக்கொடுத்தவர். ஊரார் ஒதுங்கி நின்ற காலத்தில் அவரைத் தம் அருகில் அமர்த்திக்கொண்ட பெரியவர் சாஸ்திரியார். அந்த அன்புக்குக் கைம்மாறாகவே ஜகதீசன் கடிதங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார் எனலாம்.

வலங்கைமானிலிருந்து திருவல்லிக்கேணிக்கு

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் சீனிவாசன் பிறந்தார். தந்தையார் வைதிகர். புரோகிதம் செய்து பிழைக்கும் குடும்பத்தின் வறுமை எத்தகையது என்பதைத் தஞ்சைச் சீமையார்க்கு விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு, பத்து நாள்கள் கழித்து, அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் மோகன்தாஸ் பிறந்தார். இந்தப் பத்து நாள் மூப்பு இவ்விருவர் நட்பின் இறுதிவரை உடன் வந்தது.

கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பையும் கல்லூரிப் படிப்பையும் முடித்து 1888இல் பட்டம் பெற்றார். மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியப் பணி. பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியர். அவர் ஆங்கிலப் புலமை குறித்து வழங்கும் கதைகள் பல. அவற்றுள் எவை நடந்தவை, எவை மாணவர் பக்தியில் விளைந்தவை என்று பிரிப்பது அரிது, விட்டுவிடலாம். ஐயத்திற்கு இடமில்லாத செய்தி ஒன்று உண்டு. 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் இத்தலைமையாசிரியரும் ஒருவர். நடுத்தரக் குடும்பங்கள் கலப்படமில்லாத பண்டங்களை நேர்மையான விலையில் வாங்கத் தொடங்கிய அந்தச் சிறு முயற்சி, பின்னாளில் சென்னை முழுவதும் கிளை பரப்பியது. மளிகைக் கணக்குப் பார்த்த கைதான் பிற்காலத்தில் பேரரசின் மாநாடுகளில் தீர்மானங்களை எழுதியது.

அவர் வாழ்க்கையைத் திருப்பியதும் ஒரு கடிதமே. கோபாலகிருஷ்ண கோகலே 1905ஆம் ஆண்டு சூன் திங்களில் பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். பொருளீட்டும் எண்ணத்தைத் துறந்து, சிறு உதவித்தொகையில் வாழ்ந்து, நாட்டுப் பணிக்கே வாழ்நாளைக் கொடுப்பதாக அதன் உறுப்பினர் உறுதி கூறவேண்டும். அச்சங்கத்தின் கொள்கை அறிக்கையைப் படித்த தலைமையாசிரியர், தம்மைச் சேர்த்துக்கொள்ளுமாறு கோகலேக்கு எழுதினார். முப்பத்தாறு வயது கடந்தவர், குடும்பத்தலைவர், நிலையான ஊதியம் உடையவர். உற்றாரில் பலர் அதைப் பித்தென்றே எண்ணியிருப்பர். 1907ஆம் ஆண்டு சனவரியில் அவர் சங்கத்தின் உறுப்பினரானார். 1915இல் கோகலே மறைந்தபோது சங்கத்தின் தலைமை அவர் தோளில் விழுந்தது.

நடுவில் நின்றவர்

சாஸ்திரியார் மிதவாதி. இன்றைய தலைமுறைக்கு இச்சொல் ஏறத்தாழ வசைச்சொல்லாகிவிட்டது. அவர் காலத்திலேயே அது அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. ஆட்சியாளரோடு வாதிட்டு, சட்டத்தின் வழியே, படிப்படியாக உரிமை பெறலாம் என்று நம்பிய கூட்டம் அது. நம்பிக்கை பொய்த்தபோதெல்லாம் இருபுறமும் அடிபட்டது.

1914இல் சென்னைச் சட்டமன்றத்தில், பெண்கள் பூப்பெய்திய பின்னர் நடைபெறும் இந்துத் திருமணங்களை ஐயத்திற்கு இடமின்றிச் செல்லுபடியாக்கும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். வைதிகர் வீட்டுப் பிள்ளை வைதிகர் கோட்டையிலேயே கைவைத்தார். மசோதா நிறைவேறவில்லை. பெண் கல்வி, பெண் விடுதலை பற்றிப் பேசும் நம் மேடைகளில் இச்செய்தி ஏனோ இடம்பெறுவதில்லை.

1919ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரௌலட் மசோதாவை எதிர்த்து அவர் டில்லி சட்டமன்றத்தில் ஆற்றிய உரை, அக்காலத்தின் தலைசிறந்த பேச்சுகளுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. அரசு செவிசாய்க்கவில்லை. காந்தியடிகள் சத்தியாக்கிரகம் அறிவித்தார். மசோதாவை அத்துணை வன்மையாக எதிர்த்த சாஸ்திரியார் சத்தியாக்கிரகத்தையும் எதிர்த்தார்! சட்டத்தை மீறப் பழகும் மக்கள், நாளை தமக்கென ஆட்சி அமையும்போதும் அப்பழக்கத்தை விடமாட்டார்கள் என்பது அவர் அச்சம். அந்த அச்சம் முற்றும் பொய்யென்று எவரும் சொல்லிவிட இயலாது. ஆனால் அடிமைப்பட்ட மக்களின் கையில் வேறு எந்தக் கருவி இருந்தது என்ற வினாவுக்கு அவரிடம் நிறைவான விடை இருக்கவில்லை என்பதும் உண்மை.

மேடையில் ஐயமற்றவராகத் தோன்றிய அவர், கடிதங்களில் ஐயங்களாலேயே நிறைந்திருந்தார். தம்பி இராமசாமி சாஸ்திரி, மகள் ருக்மிணி, சர். பி. எஸ். சிவசாமி ஐயர், டி. ஆர். வெங்கடராம சாஸ்திரியார், சங்கத் தோழர் வாசே, செயலாளர் கோதண்டராவ், கன்னட அறிஞர் டி. வி. குண்டப்பா முதலிய பலருக்கு எழுதிய மடல்களில் வேறொரு சாஸ்திரியார் தென்படுகிறார். தம் திறமையைக் குறைத்தே மதிப்பவர். நெஞ்சு நோயைப் பற்றிப் பேசுபவர். படித்த நூலை நண்பனோடு பகிர்ந்துகொள்ளத் துடிப்பவர். தம்மைப் பார்த்துத் தாமே நகைப்பவர். வெள்ளி நாவினர் என்று உலகம் அழைத்த ஒருவர் தம் பேச்சின் பயனைத் தாமே நம்பாமல் எழுதும்போது, படிப்பவர் மனம் அவர்பால் நெருங்குகிறது.

அவர் உரைநடையின் இயல்பைக் கவிஞர்கள் உற்றுநோக்குவது நன்று. ஒரு சொல்லுக்கு இரு சொல் இடமாட்டார். அடைமொழியை அளந்து வைப்பார். கடுஞ்சினத்தையும் குரல் உயர்த்தாமல் சொல்வார். செய்யுளில் நாம் செட்டு என்று போற்றும் பண்பு அது. நண்பருக்கு எழுதும் நாலு வரியிலும் அச்செட்டைக் கைவிடாதவர் அவர்.

கடல்கடந்த தூதர்

மீமிசல், கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், மணமேல்குடி எனத் தொடரும் இக்கடற்கரையில், அக்கரைச் சீமை என்பது ஏட்டில் படித்த செய்தியன்று. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றவர்களின் வீடுகள் ஊர்தோறும் உண்டு. நாகப்பட்டினம் துறையில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களின் பெயர்கள் இன்னும் பல குடும்பங்களில் சொல்லப்படுகின்றன. அஞ்சல்காரர் வந்தால் தெருவே கூடும். எழுத்தறியாத தாய்மார்க்கு அவரோ பள்ளி ஆசிரியரோ கடிதத்தைப் படித்துக் காட்டுவார். மறுமொழியையும் அவர்களே எழுதித் தருவார்கள். மகனுக்குத் தாய் சொன்னது ஒன்று, எழுதியவர் கைவண்ணத்தில் ஆனது மற்றொன்று என்ற வேடிக்கைகளும் உண்டு. பணவிடைத் தாளின் ஓரத்தில் எழுதிவரும் இரண்டு வரியே பல இல்லங்களில் ஆண்டு முழுவதற்கும் உரிய இலக்கியம்.

அவ்வாறு கடல்கடந்தவர்களின் மானத்திற்காக வாதிட்டதே சாஸ்திரியார் வாழ்வின் பெரும்பகுதி. 1921இல் லண்டனில் கூடிய பேரரசு மாநாட்டில், குடியேற்ற நாடுகளில் சட்டப்படி வாழும் இந்தியர்க்குக் குடியுரிமை மறுக்கலாகாது என்ற தீர்மானம் அவர் முயற்சியால் நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா மட்டும் உடன்படவில்லை. அவ்வாண்டே அவர் பிரிவி கவுன்சில் உறுப்பினராகி மகாகனம் ஆனார். 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்து அத்தீர்மானத்திற்காகப் பேசினார். ஆஸ்திரேலியாவில் 1925இல் இந்தியர்க்கு வாக்குரிமை கிடைத்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலமோ 1947வரை அசையவில்லை. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

1923இல் கென்யா பற்றிய முடிவு அவரை உலுக்கியது. உயர்நிலங்கள் வெள்ளையர்க்கே என்பதைப் பிரிட்டிஷ் அரசு உறுதி செய்தது. பேரரசின் நேர்மையில் வைத்த நம்பிக்கைமீதே பட்ட அடி அது. மிதவாதி என்று ஏளனம் செய்யப்பட்டவர் அன்று பேசிய பேச்சில் மிதம் இருக்கவில்லை.

அவர் பெயர் நின்று நிலைத்தது தென்னாப்பிரிக்காவில். 1860ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலில் இறக்கியது முதல் 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இந்தியர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் தமிழர் மிகப் பலர். இந்தியரைத் தனிப் பகுதிகளில் ஒதுக்கிவைக்கும் மசோதா 1925இல் வந்தபோது இந்தியக் குழு ஒன்று அங்குச் சென்றது. சாஸ்திரியாரும் அதில் இடம்பெற்றார். 1927இல் கேப்டவுன் உடன்பாடு ஏற்பட்டது. மசோதா கைவிடப்பட்டது. தங்கி வாழ்பவரின் கல்விக்கும் முன்னேற்றத்திற்கும் வழிசெய்வதாகத் தென்னாப்பிரிக்க அரசு ஒப்புக்கொண்டது. மாறாக, தாமாக நாடு திரும்ப விரும்புவோர்க்கு உதவித்தொகை கொடுத்து அனுப்பும் திட்டத்தை இந்தியா ஏற்றது.

உடன்பாட்டைச் செயற்படுத்த இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகச் செல்லுமாறு அவரை வற்புறுத்தியவர்களுள் முதல்வர் காந்தியடிகள். நோயுற்ற உடல், ஓராண்டுக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டு, ஒன்றரை ஆண்டு இருந்தார். நிறவெறி மிகுந்த நாட்டில் தலைப்பாகையோடு ஊர் ஊராகச் சென்று வெள்ளையர் அவைகளில் பேசினார். 1928இல் கிளர்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் அவர் பேசிய கூட்டத்தில், நகரின் துணைத் தலைவரே முன்னின்று கலகம் விளைவித்தார். சாஸ்திரியார் பயணத்தை நிறுத்தவில்லை. டர்பனில் இந்திய மாணவர்க்கும் ஆசிரியப் பயிற்சிக்குமாக ஒரு கல்லூரி எழும்ப வேண்டுமென்று அங்குள்ள இந்தியரிடம் கையேந்தினார். கரும்புத் தோட்டக் கூலிகளின் மக்களும் வணிகர்களும் கொடுத்த பணத்தில் எழுந்த சாஸ்திரி கல்லூரி 1929இல் திறக்கப்பட்டது. நேட்டால் இந்தியரில் எத்தனையோ வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் அதன் வகுப்பறைகளிலிருந்து வந்தவர்கள்.

உடன்பாட்டின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உதவித்தொகையை நம்பித் தாயகம் திரும்பிய ஏழைகளுக்கு இங்கே ஊரும் இல்லை, உறவும் இல்லை. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வெயிலும் பழக்கமில்லை. சாதி இறுக்கம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களுள் பலர் பட்ட துன்பத்தைப் பவானி தயாள் சந்நியாசி 1931இல் அறிக்கையாக வெளியிட்டார். மேசையின் இருபுறமும் அமர்ந்து அறிஞர்கள் செய்யும் உடன்பாட்டில், மேசையருகே வரமுடியாதவன் தலையில் விழும் சுமை அது. கல்லூரியைப் போற்றுவோர் இதனை மறைத்தல் முறையன்று.

மலேயாவிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்தது. 1936ஆம் ஆண்டு இறுதியில் இந்திய அரசு அவரை அங்கே அனுப்பியது. பொருளாதார மந்தத்தில் குறைக்கப்பட்ட தோட்டக்கூலியை, ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு என்ற பழைய அளவுக்கு மீட்டளிக்க வேண்டுமென்று அவர் அறிக்கை பரிந்துரைத்தது. ஆனால் கூலிகள் அங்குச் செல்வதைத் தடைசெய்யத் தேவையில்லை என்றும் கூறியது. மலேயா இந்தியர் சங்கத்தினர் சினந்தனர். தோட்ட முதலாளிகளிடம் மென்மை காட்டினார் என்றனர். 1938இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதைத் தடைசெய்தே விட்டது. பத்துக் காசு உயர்ந்தால் இக்கரையில் ஒரு வீட்டின் பணவிடை சற்றுக் கனக்கும் என்று எண்ணிய பெரியவரின் கணக்கு ஒன்று. மானத்தோடு வாழ வழியில்லாத இடத்திற்கு மக்களை அனுப்பலாகாது என்ற இளைஞர்களின் கணக்கு மற்றொன்று. வரலாறு இளைஞர்களின் பக்கம் சாய்ந்தது. அது சரியான சாய்வே.

தமிழும் சாஸ்திரியாரும்

1935 முதல் 1940 வரை அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நாவலர் சோமசுந்தர பாரதியாரும் பண்டிதமணி கதிரேசன் செட்டியாரும் அங்கே தமிழ் கற்பித்த காலம் அது. ஆங்கிலத்தின் நெளிவு சுளிவுகளில் தோய்ந்த துணைவேந்தரும், சங்கப் பனுவலில் தோய்ந்த பேராசிரியர்களும் ஒரே வளாகத்தில் நடமாடினர். எனினும் அவ்விரு உலகங்களும் ஒன்றையொன்று போதிய அளவு அறிந்துகொண்டனவா என்பது ஐயமே.

அந்த ஐயத்தை 1940ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் வலுப்படுத்துகின்றன. சென்னை அரசு அமைத்த கலைச்சொற் குழுவுக்குச் சாஸ்திரியார் தலைவரானார். குழுவின் போக்கு வடசொற்களின் பக்கம் சாய்ந்தது. தமிழறிஞர் கொதித்தெழுந்தனர். தமிழிலேயே கலைச்சொல் ஆக்க முடியும் என்பதைச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் அதற்கு முன்னரே செய்துகாட்டியிருந்தது. எதிர்ப்பின் விளைவாகத் தமிழ்ப் புலவர்க்கும் குழுவில் இடம் கிடைத்தது. ஆங்கிலத்தில் ஒரு முன்னிடைச்சொல் பிழைத்தாலும் பொறுக்காத செவி, தாய்மொழியின் ஆக்கும் ஆற்றலைக் கேளாமற் போனது வருத்தத்துக்குரியது. அவர் நூல்களில் பெயர் பெற்றவை எல்லாம் ஆங்கிலத்தில் அமைந்தவை. கோகலேயைப் பற்றியும் பெரோஸ்ஷா மேத்தாவைப் பற்றியும் அவர் எழுதியவை அம்மொழியின் செல்வங்கள்.

1944இல் சென்னை மயிலாப்பூரில் வால்மீகி இராமாயணம் பற்றி வாரந்தோறும் சொற்பொழிவு நிகழ்த்தினார்; மொத்தம் முப்பது. அவையும் ஆங்கிலத்திலேயே. இராமனைத் தெய்வமாகக் கொள்ளாமல் மனிதனாகக் கொண்டே பேசுவதாக முன்னரே அறிவித்தார். வைதிகர் முகம் சுளித்தனர். இராமனின் தடுமாற்றங்களையும் சீதையின் துயரையும் பேசும்போது முதியவர் கண்ணீர் விட்டார். கம்பனையும் உடன்வைத்து, தமிழில் அவர் பேசியிருந்தால் எத்தகைய நூல் கிடைத்திருக்கும் என்று ஏங்காத தமிழாசிரியர் இருக்க முடியாது. ஏக்கம் ஒருபுறம் இருக்க, காவியத்தை மனித வாழ்வின் அளவுகோலால் அளந்த அத்துணிவு போற்றத்தக்கதே.

பத்து நாள் இளையவருக்கு எழுதியவை

கடிதங்களில் மணிமுடியாவன காந்தியடிகளோடு அவர் நடத்திய மடற்போக்குவரத்து. இருவரும் கோகலேயைத் தலைவராக வரித்தவர்கள். கோகலே மறைந்தபின் காந்தியடிகள் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர விழைந்தார். அவர் போக்கு சங்கத்தின் நெறிக்கு ஒவ்வாது என்று உறுப்பினருள் ஒருசாரார் கருதினர். மனவேறுபாட்டுக்கு இடங்கொடாமல் காந்தியடிகள் தாமே விலகிக்கொண்டார். பிறிதோரிடத்தில் இத்தகைய நிகழ்ச்சி தீராப் பகையாக முடிந்திருக்கும். இங்கே அது நட்பின் தொடக்கமாயிற்று.

சகோதரரே என்று காந்தியடிகள் விளிப்பார். ஒத்துழையாமை, சட்டமறுப்பு, வட்டமேசை மாநாடு என எந்தப் பொருளிலும் இருவர் கருத்தும் ஒன்றுபட்டதில்லை. காங்கிரசு புறக்கணித்த முதல் வட்டமேசை மாநாட்டில் சாஸ்திரியார் கலந்துகொண்டார். மீண்டு வந்ததும் சாப்ரு, ஜயகர் ஆகியோரோடு சேர்ந்து 1931இல் காந்தி இர்வின் உடன்பாட்டிற்கு வழியமைத்தார். கடிதங்களில் அவர் காந்தியடிகளைக் கண்டித்தார், எச்சரித்தார், சில இடங்களில் மன்றாடினார். ஒருபோதும் புகழ்ந்து தம் கருத்தை விற்கவில்லை. மகாத்மா என்று நாடே கைகூப்பிய ஒருவருக்கு, நீங்கள் செய்வது தவறு என்று தெளிவாக எழுத ஓர் ஆள் இருந்தார் என்பதும், அக்கடிதங்களை அவர் விரும்பி எதிர்பார்த்தார் என்பதும் இன்றைய அரசியலில் நம்பத்தகாத கதைபோல் ஒலிக்கும்.

காந்தியடிகளின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940ஆம் ஆண்டுப் பதிப்புக்காக அதன் மொழிநடையை ஒரு பெரியவர் வரிவரியாகத் திருத்திக் கொடுத்தார். தம் பெயரை வெளியிடலாகாது என்று நிபந்தனையும் விதித்தார். அப்பெரியவர் சாஸ்திரியாரே என்பது பின்னர்த் தெரியவந்தது. கொள்கையால் தாம் ஏற்காத இயக்கத்தின் தலைவர் வரலாற்றை, அதன் நடை பழுதுபடலாகாது என்று அமர்ந்து திருத்தியிருக்கிறார்.

1946ஆம் ஆண்டு சனவரியில், இந்திப் பிரசார சபையின் வெள்ளி விழாவுக்காகக் காந்தியடிகள் சென்னை வந்தார். சாஸ்திரியார் அப்போது பொது மருத்துவமனையில் கிடந்தார். காந்தியடிகள் ஒருமுறையன்று, மீண்டும் மீண்டும் சென்று கண்டார். ஜகதீசன் அருகிலிருந்தார். எழுபத்தாறு வயது முதியவர் இருவர். பேச வேண்டியவற்றை எல்லாம் முப்பதாண்டுகளாக எழுதித் தீர்த்தவர்கள்.

அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார். விடுதலைக்கு இன்னும் பதினாறு திங்கள் இருந்தன. சூன் திங்களில் தென்னாப்பிரிக்க அரசு, ஆசியர் நிலவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. கேப்டவுனில் கைவிடச் செய்த ஒதுக்கல் வேறு பெயரில் மீண்டு வந்தது. டர்பன் வீதிகளில் இந்தியர் அறவழியில் அதனை மீறிச் சிறை புகுந்தனர். சட்டத்தை மீறுதல் தகாது என்று வாழ்நாளெல்லாம் எழுதியவர் கட்டிய கல்லூரியின் வாயில், மாணவர்க்காகத் திறந்தே இருந்தது.